பிர்அவ்னை நினைக்கும் இரவு: யூதப் பண்டிகைகளும் சமூக நீதியும்

நபி மூஸா (அலை) அவர்களையும் பனூ இஸ்ராயீல்களையும் பிர்அவ்னின் பிடியிலிருந்து அல்லாஹ் காப்பாற்றியதை நாங்கள் நோன்பு பிடித்து நினைவுகூர்கிறோம். யூதர்கள் அதைச் சாப்பிட்டு நினைவுகூர்கிறார்கள். முஹர்ரம் பத்தாம் பகலில் எங்கட வீடுகளில் அடுப்பு ஓய்ந்திருக்கும். அவர்களது நீஸான் மாதத்துப் பதினைந்தாம் இரவில் மேசை நிறைந்திருக்கும், நள்ளிரவு வரை பேச்சு ஓயாது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கிருந்த யூதர்கள் ஆஷூரா நோன்பு நோற்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். மூஸாவுக்கு நாமே அதிக உரிமையுடையவர்கள் என்று சொல்லித் தாமும் நோற்றார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இந்த அறிவிப்பை வருடா வருடம் குத்பாவில் கேட்கிறோம். அந்த நாள் யூத நாட்காட்டியின் எந்த நாளோடு பொருந்துகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பத்தாம் நாள் நோன்பு என்ற வகையில் அது திஷ்ரி மாதம் பத்தில் வரும் யோம் கிப்பூரை ஒத்திருக்கிறது. சொல்லப்பட்ட காரணமோ பெஸாஹ் பண்டிகையினுடையது. கிறிஸ்தவர்கள் பஸ்கா என்று சொல்வதும் இந்தப் பெஸாஹைத்தான்.

காஸாவில் நடந்ததையும் நடப்பதையும் பார்த்துக்கொண்டு யூதப் பண்டிகையைப் பற்றி என்ன எழுத்து வேண்டிக் கிடக்கிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிமைப்பட்டுக் கிடந்தோம் என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு சமூகத்தின் பெயரால், இன்னொரு சமூகத்தை அடைத்து வைக்க எப்படி முடிகிறது? அதே பண்டிகையை வைத்துக்கொண்டு அந்த அடைப்புக்கு எதிராக வீதிக்கு இறங்கும் யூதர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே மேசையில் இருக்கிறது. ஆகவே மேசையிலிருந்தே தொடங்குவோம்.

மேசையில் இருப்பவை

பெஸாஹ் இரவு விருந்துக்கு ஸேதர் என்று பெயர். ஹீப்ரு மொழியில் அதற்கு ஒழுங்கு என்று பொருள். எதற்குப் பின் எதைச் சாப்பிடுவது, எந்த இடத்தில் எதை ஓதுவது என்பதெல்லாம் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். கையில் வைத்து ஓதும் நூல் ஹக்காதா, அதாவது ‘சொல்லுதல்’. புளிக்காத மாவில் சுட்ட மத்ஸா ரொட்டி அவசரமாகப் புறப்பட்டதன் அடையாளம். கசப்புக் கீரை அடிமைத்தனத்தின் கசப்பு. உப்புத் தண்ணீர் கண்ணீர். அப்பிளையும் விதைகளையும் அரைத்துச் செய்த இனிப்புக் கலவை, பிர்அவ்னுக்காகக் கட்டடம் கட்டிய அடிமைகள் குழைத்த சாந்து. நான்கு கிண்ணம் திராட்சை மது உண்டு. பிள்ளைகளுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் திராட்சைச் சாறு.

வீட்டில் ஆக இளைய பிள்ளை எழும்பிக் கேட்கும்: மற்ற இரவுகளைப் போல இல்லாமல் இந்த இரவு ஏன் இப்படி? அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில்தான் மிச்ச இரவு முழுக்க. பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும். தனியாக இருப்பவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு அறிஞர்கள் மட்டும் இருந்தாலும் ஒருவரையொருவர் கேட்க வேண்டும். தல்மூதின் சட்டம் இது. கேள்வி இல்லாமல் கடமை நிறைவேறாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் இந்த மேசையில் நடந்த மாற்றங்களெல்லாம் இந்தக் கேட்கும் வழக்கத்தின் ஊடாகத்தான் உள்ளே வந்தன.

எமது வாசகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கக்கூடிய ஒரு விஷயம். குர்ஆனில் வேறெந்த நபியின் பெயரையும் விட அதிகமாக வருவது மூஸா நபியின் பெயர். மரபான ஹக்காதாவிலோ மூஸாவின் பெயர் ஒரேயொரு இடத்தில், அதுவும் மேற்கோளாக வரும் வசனத்துக்குள் போகிற போக்கில்தான் வருகிறது. விடுவித்தவன் இறைவன், மனிதரை உயர்த்தும் இரவல்ல இது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். மதங்களை ஒப்பிட்டுப் பேசும் எங்கட ஆட்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எகிப்தியர் மீது இறங்கிய பத்து வேதனைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது, விரலால் கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு துளியாக எடுத்து வெளியே விடுவார்கள். எதிரி பட்ட துன்பத்தால் எமது கிண்ணம் குறைகிறது, முழுக் கிண்ணத்தோடு மகிழ்வது முறையல்ல என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். கடலில் எகிப்தியர் மூழ்கியபோது வானவர்கள் துதிபாடப் போனார்களாம். எனது கைப்படைப்புகள் மூழ்கிக்கொண்டிருக்கும்போது பாடப் பார்க்கிறீர்களா என்று இறைவன் தடுத்தானாம். தல்மூதில் வரும் கதை இது.

ஏழைக்கும் நான்கு கிண்ணம்

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் ஸேதர் பற்றிய அதிகாரத்தின் முதல் விதியே ஏழையைப் பற்றியது. இஸ்ரவேலரில் ஆக வறியவரும் அந்த இரவில் சாய்ந்திருந்தே சாப்பிட வேண்டும். தர்மச் சாப்பாட்டில் வாழ்பவராக இருந்தாலும் அவருக்கு நான்கு கிண்ணத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். சாய்ந்து சாப்பிடுவதில் என்ன இருக்கிறது? ரோம உலகில் சுதந்திரமானவர்கள் சாய்ந்திருந்து விருந்துண்டார்கள், அடிமைகள் நின்று பரிமாறினார்கள். ஊரின் ஆகக் கடைசி ஏழையும் ஓர் இரவுக்காவது எசமானைப் போல இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சோறு கொடுத்தால் போதும் என்று அது விட்டுவிடவில்லை.

பண்டிகைக்கு முன்னர் ஏழைகளுக்குக் கோதுமையோ அதற்கான காசோ சேகரித்துக் கொடுப்பதும் ஊரின் கடமை. கோதுமைக் காசு என்றே அதற்குப் பெயர். பெருநாள் தொழுகைக்கு முன்பு எங்கட உம்மாமார் அரிசி அளந்து பித்ரா கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். தானியம், பண்டிகைக்கு முந்திய அவகாசம், எவரும் வெறும் வயிற்றோடு பண்டிகையைக் காணக்கூடாது என்ற எண்ணம், மூன்றும் அப்படியே பொருந்துகின்றன. விருந்தின் தொடக்கத்திலேயே மத்ஸாவை உயர்த்திக் காட்டி, பசித்தவர் எல்லாரும் வரலாம் என்ற அழைப்பையும் விடுகிறார்கள். அந்த அழைப்பு மட்டும் ஹீப்ருவில் இல்லை, அறமைக்கில் இருக்கிறது. அக்காலத் தெருவில் பேசிய மொழி அது. அழைப்பவர் அழைக்கப்படுபவருக்கு விளங்கும் மொழியில் அழைக்க வேண்டும் என்று விளக்கம் சொல்வார்கள்.

இதையெல்லாம் சட்டமாக இறுக்கி எழுதியவர் மூஸா இப்னு மைமூன். 1138இல் குர்துபாவில் பிறந்து, 1204இல் எகிப்தில் மறைந்தவர். ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தில் கெய்ரோ அரசவையில் மருத்துவராக இருந்தவர். பெரும்பாலான நூல்களை அறபு மொழியில் எழுதியவர், தமது பெரிய சட்டத் தொகுப்பை மட்டும் ஹீப்ருவில் எழுதினார். பண்டிகை நாளில் முற்றத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களோடு உண்டு குடித்து, ஏழைகளுக்கு எதுவும் கொடுக்காதவனின் மகிழ்ச்சி மார்க்க மகிழ்ச்சியல்ல, வெறும் வயிற்றின் மகிழ்ச்சி என்று அதில் தீர்ப்பளிக்கிறார்.

ஏனைய பண்டிகைகளிலும் இந்தச் சரடு ஓடுகிறது. லேவியராகமம் 23ஆம் அதிகாரம் பண்டிகைகளின் பட்டியல். அறுவடைப் பண்டிகையான ஷாவுஓத்தைச் சொல்லி முடித்த கையோடு, பட்டியலின் நடுவில், சம்பந்தமில்லாதது போல ஒரு வசனம் வருகிறது: வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியது என்ற கருத்தில். சம்பந்தம் இல்லாமல் இல்லை. அறுவடையைக் கொண்டாடுபவர் வயலின் ஓரத்தை விட்டிருக்கிறாரா என்பதுதான் கேள்வி. ஷாவுஓத் அன்று ரூத்தின் கதையை வாசிக்கும் வழக்கமும் இருக்கிறது. மோவாபு தேசத்திலிருந்து வந்த, கணவனை இழந்த பெண், பிறர் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்த கதை.

யோம் கிப்பூர் நாளில் முழுச் சமூகமும் பட்டினியோடு தொழுகைக்கூடத்தில் கூடியிருக்கும்போது வாசிக்கப்படுவது ஏசாயா நூலின் ஒரு பகுதி. நோன்பு நோற்பவர்களையே அது கடிந்துகொள்கிறது. தலையைக் குனிந்து சாக்கில் உட்கார்ந்திருப்பதா நோன்பு? கட்டுண்டவரை அவிழ்த்துவிடுவதும் பசித்தவரோடு ரொட்டியைப் பகிர்வதும்தானே நோன்பு என்று கேட்கிறது. பொய்யையும் தீய செயலையும் விடாதவர் உணவை விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்ற ஹதீஸை அறிந்த எமக்கு இந்தக் குரல் அந்நியமாக இருக்காது. நோன்பு நாளின் நடுவிலேயே நோன்பைக் கேள்வி கேட்கும் வாசகத்தை வைத்தவர்கள் துணிச்சல்காரர்கள்தான்.

1968: ஒரே இரவு, இரண்டு மேசைகள்

1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருடம் பெஸாஹ் ஏப்ரல் 12 மாலையில் தொடங்கியது. ரப்பி ஏபிரகாம் யோசுவா ஹெஷலின் வீட்டு ஸேதருக்கு கிங் விருந்தாளியாக வருவதாக இருந்தது. 1965இல் செல்மா ஊர்வலத்தில் கிங்கோடு முன்வரிசையில் நடந்தவர் ஹெஷல். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமைக் காலத்திலிருந்தே தம்மை எகிப்திலிருந்த இஸ்ரவேலராகவும், தோட்ட முதலாளியைப் பிர்அவ்னாகவும் கண்டு பாடியவர்கள். ஆகவே அந்த விருந்துக்கு கிங் ஒரு சாதாரண விருந்தாளியாக வந்திருக்க மாட்டார். அதே கதைக்கு இன்னொரு பங்காளியாக வந்திருப்பார்.

கொலையைத் தொடர்ந்து வொஷிங்டனில் கலவரம் மூண்டு, இராணுவம் வீதிகளில் நிறுத்தப்பட்டது. ஆர்தர் வாஸ்கோ என்ற இளம் வரலாற்றாய்வாளர் ஸேதருக்கு ஆயத்தம் செய்ய வீட்டுக்கு நடந்து போகும்போது, தனது தெருவை நோக்கி யந்திரத் துப்பாக்கி பொருத்திய ஜீப் நிற்பதைக் கண்டார். இது பிர்அவ்னின் படை என்று மனதில் பட்டதாகப் பின்னர் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பொறியிலிருந்து அவர் புதிய ஹக்காதா ஒன்றை எழுதினார். பழைய வாசகத்தோடு காந்தி, கிங், 1831இல் அடிமைக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நெட் டர்னர் ஆகியோரின் குரல்களும் அதில் சேர்ந்தன. கிங் கொல்லப்பட்டுச் சரியாக ஒரு வருடம் கழித்து, 1969 ஏப்ரல் 4 அன்று, வொஷிங்டனிலுள்ள கறுப்பினத்தவரின் தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில் சுமார் 800 பேர் கூடி அதை ஓதினார்கள். யூதர்களும், கறுப்பு, வெள்ளைக் கிறிஸ்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். விடுதலை ஸேதர் என்று அதற்குப் பெயர். பின்னர் பெண்ணுரிமை, அணு ஆயுத எதிர்ப்பு, சுற்றாடல் என்று ஒவ்வொரு போராட்டத்துக்கும் ஒரு ஹக்காதா பிறந்ததற்கு இதுவே வழி திறந்தது.

இதே 1968 பெஸாஹ் இரவில் இன்னொரு ஸேதரும் நடந்தது. இதை வாஸ்கோவின் கதையோடு சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

1967 ஜூன் போரில் இஸ்ரேல் அல்-ஹலீலை, அதாவது ஹெப்ரோனைக் கைப்பற்றியிருந்தது. மறு வருடம் ரப்பி மோஷே லெவிங்கர் தலைமையில் ஒரு குழு அந்நகரில் அறபு உரிமையாளரின் பார்க் ஹோட்டலைப் பண்டிகைக்காக வாடகைக்கு எடுத்தது. மத்ஸா, கசப்புக் கீரை, நான்கு கிண்ணம், பிள்ளையின் கேள்வி எல்லாம் முறைப்படி நடந்தன. பண்டிகை முடிந்த பிறகு அவர்கள் வெளியேற மறுத்துவிட்டார்கள். அரசாங்கம் அவர்களை அப்புறப்படுத்தவில்லை. நகரின் இராணுவத் தலைமையகத்துக்குள் இடம் கொடுத்தது, பிறகு பக்கத்திலேயே கிர்யத் அர்பா என்ற குடியேற்றத்தைக் கட்டிக் கொடுத்தது. மேற்குக் கரைக் குடியேற்ற இயக்கத்தின் தொட்டில்களில் ஒன்று ஒரு ஸேதர் மேசை.

அந்தக் குழுவுக்கும் ஒரு நினைவு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1929இல் அந்நகரில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அயலிலிருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல யூதர்களைத் தமது வீடுகளுக்குள் மறைத்துக் காப்பாற்றியதும் அதே நாளில்தான். லெவிங்கரின் மேசையில் முதலாவது நினைவுக்கு இடம் கிடைத்தது, இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை.

கிர்யத் அர்பாவில் குடியிருந்த மருத்துவர் ஒருவர் 1994 பெப்ரவரி 25 அதிகாலையில் இப்ராஹீமி பள்ளிவாசலுக்குள் நுழைந்து, சுபஹ் தொழுகையில் இருந்தவர்கள் மீது சுட்டார். 29 பேர் ஷஹீதானார்கள். எமக்கு அது ரமழான் மாதத்தின் நடுப்பகுதி. யூத நாட்காட்டியில் பூரீம் பண்டிகை. பாரசீகத்தில் ஹாமான் என்ற அமைச்சரின் சதியிலிருந்து யூதர்கள் தப்பியதைக் கொண்டாடும் நாள் அது. (குர்ஆனில் பிர்அவ்னோடு வரும் ஹாமானும் இவரும் பெயரால் ஒன்று, இடத்தாலும் காலத்தாலும் வேறு.) அன்று குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது கொடுப்பது கடமை. தனது விருந்துக்குச் செலவிடுவதைவிட ஏழைக்குக் கூடுதலாகச் செலவிடு என்று இப்னு மைமூன் எழுதியதும் இந்தப் பூரீமைப் பற்றித்தான். அதே நாளில் வாசிக்கப்படும் எஸ்தர் நூலின் ஒன்பதாம் அதிகாரம், யூதர்கள் தமது எதிரிகளில் 75,000 பேரைக் கொன்றதாகவும் சொல்கிறது. ஒரே நூல், ஒரே நாள். ஒருவர் அதிலிருந்து ஏழைக்குரிய பங்கை எடுக்கிறார், இன்னொருவர் துப்பாக்கியை எடுக்கிறார். அன்றைய இஸ்ரேலியப் பிரதமர் ராபின் அந்தக் கொலைகாரரைப் பாராளுமன்றத்தில் வன்மையாகக் கண்டித்தார். பின்னர் அவரது கப்றை ஸியாரத் தலம் போல ஆக்கியவர்களும் இருந்தார்கள்.

நேர்மையாக எழுதுவதென்றால் இன்னொன்றையும் எழுத வேண்டும். 2002 மார்ச் 27 அன்று நெதன்யா நகரில் ஒரு ஹோட்டலில் ஸேதருக்குக் கூடியிருந்தவர்கள் நடுவே ஹமாஸ் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் குண்டை வெடிக்க வைத்தார். 30 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் முதியவர்கள். வணக்கத்தில் கூடியிருப்பவர்களைக் கொல்வது அல்-ஹலீலில் எப்படியோ அங்கும் அப்படித்தான்.

கானானியர் யார்?

1985இல் மைக்கல் வால்ஸர் என்ற அமெரிக்க அரசியல் சிந்தனையாளர், எகிப்திலிருந்து புறப்பட்ட கதையே மேற்குலகப் புரட்சிகளின் முன்மாதிரி என்று ஒரு நூல் எழுதினார். மறு வருடம் எட்வர்ட் ஸெய்த் அதற்கு நீண்ட மறுப்பு எழுதினார். ஜெரூசலத்தில் பிறந்த பலஸ்தீனரான ஸெய்த் அந்தக் கதையைக் கானானியரின் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினார். வாக்களிக்கப்பட்ட நிலத்தில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்களே, அவர்களை அழிக்கும்படி அல்லவா கட்டளை வருகிறது, அவர்களைக் கணக்கில் எடுக்காமல் இதை எல்லாருக்குமான விடுதலைக் கதை என்று எப்படிச் சொல்வது என்பது அவரது கேள்வி. எனது பார்வையில் அந்தக் கேள்விக்கு இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை. விடுதலை ஸேதர் நடத்துபவர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் மரபான ஹக்காதா தன்னையறியாமலோ அறிந்தோ ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் நடுப்பகுதி உபாகமம் 26ஆம் அதிகாரத்தின் நான்கு வசனங்களுக்கான விரிவுரை. தந்தை அலைந்து திரிந்தது, எகிப்தில் அடிமைப்பட்டது, கூக்குரலிட்டது, இறைவன் விடுவித்தது வரை சொல்லி எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. அடுத்த வசனம்தான் நிலத்தைப் பற்றியது. அதற்கு விரிவுரை இல்லை. நிலமிழந்து சிதறி வாழ்ந்த காலத்தில் அதைச் சொல்ல மனம் வரவில்லை என்பது ஒரு விளக்கம். இரவின் முடிவில் அடுத்த வருடம் ஜெரூசலத்தில் என்று சொல்வது உண்மைதான். என்றாலும் கதையின் மையம் நிலம் கிடைத்ததில் இல்லை, அடிமைத்தனம் முடிந்ததில் இருக்கிறது. அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தாய் என்ற பொருளில் தவ்ராத் 36 இடங்களில் எச்சரிப்பதாகத் தல்மூத் எண்ணிச் சொல்கிறது. 46 என்ற எண்ணும் அங்கேயே இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, கேட்கிறவர்கள் எவ்வளவு எளிதாக மறந்தார்கள் என்பது விளங்கும்.

ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் தாமே எகிப்திலிருந்து புறப்பட்டதாக எண்ண வேண்டும் என்பது மிஷ்னாவின் விதி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எமது மக்களின் பிள்ளைகளைப் புத்தளத்தில் சந்தித்தவர்களுக்கு இது புத்தகத்து விதியாகத் தெரியாது. தான் பார்த்தேயிராத யாழ்ப்பாணத்துத் தெருவை, மன்னாரிலிருந்த வீட்டைத் தனதென்று சொல்லும் பிள்ளைகள் அவர்கள். வாப்பாவின் வாயிலிருந்து பிள்ளையின் வாய்க்குப் போகும் இந்த நினைவு வேறொரு சமூகம் விரட்டப்படும்போது என்ன செய்யும் என்பது எங்களிடமும் கேட்கப்பட வேண்டியதே.

தட்டில் ஏறிய புதிய பொருட்கள்

ஸேதர் தட்டில் இருக்க வேண்டியவை நூற்றாண்டுகளாக முடிவானவை. கடந்த சில தசாப்தங்களில் அதில் புதிதாக ஏதாவது ஒன்றை வைப்பது ஒரு பேச்சு முறையாகிவிட்டது. புதுப் பொருளைக் கண்டால் பிள்ளை கேட்கும். கேட்டால் சொல்ல வேண்டும். பனிப்போர்க் காலத்தில் சோவியத் யூனியனை விட்டு வெளியேற முடியாமலிருந்த யூதர்களுக்காக அமெரிக்க வீடுகளில் மேலதிகமாக ஒரு மத்ஸா வைத்தார்கள். அது சொந்த இனத்துக்கானது. பிறகு வட்டம் விரிந்தது.

1980களில் ரப்பி ஹெஷலின் மகள் சுசன்னா ஹெஷல் தோடம்பழம் ஒன்றை வைத்தார். சமூகம் ஓரங்கட்டியவர்களுக்காக, குறிப்பாக ஒருபாலினத்தவருக்காக என்று அவர் சொன்னார். இந்தப் பழம் பரவியபோது கதையும் மாறிவிட்டது. யாரோ ஓர் ஆண் கூட்டத்தில் எழும்பி, பெண் ரப்பி ஆவது ஸேதர் தட்டில் தோடம்பழம் வைப்பது போன்றது என்று கத்தினாராம், அதற்குப் பதிலடியாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சுசன்னா இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறார். பெண்ணின் யோசனை ஆணின் வாயில் போய்ச் சேர்ந்த விதத்தைப் பாருங்கள்.

புளோரிடா மாநிலத்தின் இம்மொக்கலீ ஊர்த் தொழிலாளர்களுக்காகத் தட்டில் ஏறியது தக்காளி. அமெரிக்கச் சந்தைக்கு மாரிகாலத் தக்காளியில் பெரும்பங்கை அனுப்பும் பிரதேசம் அது. பறிப்பவர்களில் அதிகம் பேர் மெக்ஸிகோ, குவாத்தமாலா, ஹெய்ட்டி ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். 2008இல் தண்டனை வழங்கப்பட்ட ஒரு வழக்கில், தொழிலாளர்கள் அடித்து உதைக்கப்பட்டு இரவில் லொறிப் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தது நிரூபணமானது. அடிமைத்தனம் என்பது உவமையாக இருக்கவில்லை, குற்றப்பத்திரத்தில் இருந்த சொல். 1993இல் தொடங்கிய அந்தத் தொழிலாளர் அமைப்பின் கோரிக்கை மிகச் சிறியது: வாங்கும் பெரிய நிறுவனங்கள் ஒரு இறாத்தலுக்கு ஒரு சதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அது பறிப்பவர் கைக்குப் போக வேண்டும். நான்கு வருடப் பகிஷ்கரிப்புக்குப் பின் 2005இல் டாக்கோ பெல் நிறுவனம் இணங்கியது. மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. த்ரூஆ என்ற அமைப்பைச் சேர்ந்த ரப்பிமார் அந்த வயல்களுக்கு நேரில் போய்ப் பார்த்து, தொழிலாளரோடு கடை வாசல்களில் நின்று, பெஸாஹ் தட்டில் தக்காளி வைக்கும்படி குடும்பங்களைக் கேட்டார்கள். வயலின் ஓரத்தை விடச் சொன்ன பழைய சட்டம் அந்த ஒரு சதத்தில் எனக்குத் தெரிகிறது.

எல்லாவற்றிலும் சண்டையைக் கிளப்பியது ஸைத்தூன் காய். பலஸ்தீன விவசாயிகளுக்காக அதைத் தட்டில் வைத்த வீடுகளில் உறவினர் எழும்பிப் போன கதைகள் உண்டு. சோவியத் யூதருக்காக மத்ஸா வைத்தவர்களில் பலருக்கே ஸைத்தூன் தொண்டையில் சிக்கியது. பெஸாஹ் நாட்களில் மேற்குக் கரையை முழுமையாக அடைத்து, பலஸ்தீனரின் வேலை அனுமதிகளை இடைநிறுத்துவது இஸ்ரேலிய இராணுவத்தின் வாடிக்கை. ஸேதரின் பிற்பகுதியில் இல்யாஸ் நபிக்காக வீட்டு வாசற்கதவைத் திறந்து வைக்கும் ஒரு சடங்கு இருக்கிறது. அதே இரவில் சோதனைச் சாவடிகள் மூடியிருக்கின்றன.

2024 ஏப்ரல் 23, பெஸாஹின் இரண்டாம் இரவு. நியூயோர்க், புரூக்ளினில் அப்போதைய செனட் சபைப் பெரும்பான்மைத் தலைவர் சக் ஷூமரின் வீட்டுக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் யூதர்கள் தெருவிலேயே ஸேதர் நடத்தினார்கள். இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்து என்பதே கோரிக்கை. எழுத்தாளர் நவோமி க்ளைன் பேசினார். சியோனிசம் ஒரு பொய்த் தெய்வம், அதை விட்டுப் புறப்பட வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். மூஸா நபி மலையிலிருந்து இறங்கியபோது கண்ட காளைக்கன்றின் கதையை அவர் எடுத்தாண்டார். இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். இவர்கள் அமெரிக்க யூதரில் பெரும்பான்மை அல்லர் என்பதும் உண்மை. அதே வாரத்தில் வேறு பல வீடுகளில் காலிக் கதிரை போட்டு, காஸாவில் பணயமாக இருந்தவர்களை மட்டும் நினைவுகூர்ந்தார்கள்.

ஒக்டோபர் மாதம் பலஸ்தீனத்தில் ஸைத்தூன் அறுவடைக் காலம். குடியேற்றவாசிகள் மரங்களை வெட்டுவதும் அறுவடைக்காரரைத் தாக்குவதும் வழக்கமாகிவிட்ட காலமும் அதுவே. முற்றுகைக் காலத்திலும் கனிமரத்தை வெட்டாதே என்பது உபாகமம் 20ஆம் அதிகாரத்துச் சட்டம். படையை அனுப்பும்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் கனிமரங்களை வெட்ட வேண்டாம் என்று கட்டளையிட்டதை நாங்கள் அறிவோம். 1988இல், முதலாவது இன்திபாதாவின் போது, இஸ்ரேலில் தொடங்கப்பட்ட மனித உரிமைகளுக்கான ரப்பிகள் அமைப்பினர் இந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு விவசாயிகளோடு தோப்புகளுக்குப் போய் நிற்கிறார்கள். யூதர் பக்கத்தில் நின்றால் குடியேற்றவாசியின் கை கொஞ்சம் தயங்கும் என்பது கணக்கு. எப்போதும் தயங்குவதில்லை. 2015 ஒக்டோபரில் நாப்லுஸ் பக்கத்துக் குன்று ஒன்றில், முகத்தை மூடிய குடியேற்றவாசி ஒருவர் ரப்பி அரிக் அஷர்மனைக் கத்தியோடு துரத்தித் தாக்கிய காட்சி ஒளிப்பதிவாகி உலகெங்கும் போனது. அதன் பிறகும் அவர் அறுவடைக்கு வருவதை நிறுத்தவில்லை.